வேரியபிளுக்குப் பெயர் வைப்பது எப்படி: பைத்தான் எதை மறுக்கும், எதைக் கண்டுகொள்ளாது

பேருந்து டிக்கெட் போட பைத்தான் மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எங்கிருந்து, எங்கே என்று இரண்டு விவரம் வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு பெயரில் போட்டு வைக்க வேண்டும்; அந்தப் பெயர்தான் வேரியபிள். கை தானாக இப்படித்தான் எழுதும்:

    ஃப்ரம் = "மதுரை"
    டு = "திருச்சி"

இரண்டாவது வரியில் ஒரு குறையும் இல்லை. முதல் வரியிலேயே பைத்தான் நின்றுவிடும். "சின்டாக்ஸ் எரர்: இன்வேலிட் சின்டாக்ஸ்" என்று சொல்லும்; அவ்வளவுதான். பெயர்தான் பிரச்சினை என்று ஒரு வார்த்தை சொல்லாது. புதிதாக வருபவர் மேற்கோள் குறியைப் பார்ப்பார், சமக்குறியைப் பார்ப்பார், வரியை அழித்துவிட்டு அதையே திரும்ப அடிப்பார்.

பெயர் வைப்பதில் இப்படி மறுக்கப்படும் இடங்கள் உண்மையில் கொஞ்சம்தான். ஒரு மணி நேரத்தில் பழகிவிடலாம். பைத்தான் மறுக்காமல் வாங்கிக்கொண்டு, இருபது வரி தள்ளி வேறு எங்கோ தகராறு செய்யும் பெயர்கள்தான் அதிக நேரத்தைத் தின்பவை. இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

தொடங்கும் முன் ஒன்று. இங்கே கோடில் (நிரல் வரிகளில்) வரும் ஆங்கிலச் சொற்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில், சின்ன எழுத்தாக அடியுங்கள். மொத்தம், வாடகை மாதிரித் தமிழ்ச் சொல்லாக இருப்பவற்றை அப்படியே தமிழிலேயே அடிக்கலாம்; பைத்தான் 3-இல் அவை ஓடும்.

முதல் வேலை: பட்டியலைப் பார்ப்பது

பைத்தான் தனக்கென்று எடுத்துவைத்துக்கொண்ட சொற்கள்தான் கீவேர்டுகள். 3.7-ஆம் பதிப்பு முதல் அவை 35. மனப்பாடம் தேவையில்லை, ஒருமுறை கண்ணில் பட்டால் போதும். உண்மை, பொய், வெறுமை சொல்ல ட்ரூ, ஃபால்ஸ், நன். முடிவெடுக்க இஃப், எலிஃப், எல்ஸ். சுற்ற ஃபார், வைல், பிரேக், கன்டினியூ. சேர்க்கவும் ஒப்பிடவும் அண்ட், ஆர், நாட், இன், இஸ். ஃபங்க்ஷனும் (பெயர் சொல்லிக் கூப்பிடும் கோடுத் துண்டு) கிளாஸும் எழுத டெஃப், ரிட்டர்ன், லாம்டா, யீல்ட், கிளாஸ், பாஸ். வெளியிலிருந்து கொண்டுவர இம்போர்ட், ஃப்ரம், ஆஸ். எரர் வந்தால் சமாளிக்க ட்ரை, எக்ஸெப்ட், ஃபைனலி, ரெய்ஸ், அஸர்ட், கூடவே வித். மிச்சம் குளோபல், நான்லோக்கல், டெல், அஸின்க், அவெயிட்.

இதில் ட்ரூ, ஃபால்ஸ், நன் மூன்று மட்டும் பெரிய எழுத்தில் தொடங்கும். மற்ற 32-ம் முழுக்கச் சின்ன எழுத்து.

உங்கள் கணினியில் இருக்கும் பதிப்புக்கான பட்டியலை அதனிடமே கேட்கலாம். பைத்தான் ஷெல்லில் (அடித்த வரியை உடனே ஓட்டிக் காட்டும் ஜன்னல்) ஹெல்ப்("கீவேர்ட்ஸ்") என்று அடித்தால் எல்லாம் வரும். நிரலுக்குள்ளிருந்து வேண்டுமென்றால் கீவேர்ட் என்றே ஒரு மாட்யூல் (இம்போர்ட் செய்து பயன்படுத்தும் தயார்க் கோடு) இருக்கிறது. அதை இம்போர்ட் செய்து கீவேர்ட்.கேடபிள்யூலிஸ்ட் என்று கேளுங்கள். பழைய புத்தகத்திலோ காணொளியிலோ பார்த்த பட்டியலைவிட இதை நம்புங்கள். காரணம் பின்னால் வருகிறது.

இதைவிடச் சுலபமான வழி எடிட்டரின் நிறம். பைத்தானோடு வரும் ஐடிலில் கீவேர்டு ஆரஞ்சு நிறத்திலும், பிரிண்ட், லென் மாதிரி உள்ளேயே வரும் பெயர்கள் ஊதாவிலும் தெரியும். நீங்கள் வைக்கும் பெயர் கருப்பாகவே இருக்க வேண்டும். அடித்து முடித்ததும் நிறம் மாறினால் கையை எடுத்துவிட்டு யோசியுங்கள். விஎஸ் கோடில் நிறங்கள் வேறு, ஆனால் பழக்கம் அதேதான்.

கீவேர்டுக்கும் சாதாரணப் பெயருக்கும் என்ன வித்தியாசம்

இதைக் கையால் செய்து பார்த்தால்தான் மனத்தில் நிற்கும். ஷெல்லில் இதை அடியுங்கள்:

    அச்சிடு = பிரிண்ட்
    நீளம் = லென்
    அச்சிடு(நீளம்("தமிழ்"))

இடப்பக்கம் இருப்பது தமிழில், வலப்பக்கத்துப் பிரிண்ட், லென் இரண்டும் ஆங்கிலத்தில். ஓடும். ஆனால் விடை 3 வராது, 5 வரும். அது ஏன் என்பதைத் தமிழ்ப் பெயர்கள் பற்றிப் பேசும்போது பார்ப்போம். இப்போது கவனிக்க வேண்டியது, பிரிண்ட்டுக்கு அச்சிடு என்று இன்னொரு பெயர் கொடுக்க முடிந்தது என்பதுதான். அடுத்து இது:

    என்றால் = இஃப்

சின்டாக்ஸ் எரர். பிரிண்ட் என்பது ஒரு பொருளின்மேல் ஒட்டிய பெயர். அதை எடுத்து இன்னொன்றில் ஒட்டலாம், மாற்றலாம், அழிக்கவும் செய்யலாம். இஃப் என்பது எதன் பெயரும் இல்லை, அது வாக்கிய அமைப்பின் ஒரு பகுதி. நிரல் ஓடத் தொடங்குவதற்கு முன்பே, கோடை வெட்டி அடுக்கும் கட்டத்திலேயே, பைத்தான் அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறது. அதனால்தான் நூறாவது வரியில் ஒரு கீவேர்டைப் பெயராக வைத்தாலும் முதல் வரிகூட ஓடாது. முழு ஃபைலும் நிற்கும்.

எல்லா மொழியும் இப்படித்தான் என்றில்லை. 1960-களில் ஐபிஎம் கொண்டுவந்த பிஎல்/ஒன் மொழியில் ஒதுக்கப்பட்ட சொல்லே கிடையாது. அதில் இப்படி எழுதினாலும் செல்லும்:

    இஃப் இஃப் = தென் தென் தென் = எல்ஸ்; எல்ஸ் எல்ஸ் = இஃப்;

கணினிக்குப் புரியும், படிக்கிற மனிதருக்குத் தலை சுற்றும். சில சொற்களைப் பூட்டி வைப்பது கணினியின் வசதிக்காக மட்டும் இல்லை, படிப்பவருக்காகவும்தான்.

இஃப்-ஐத் தமிழில் எழுத வேண்டும் என்றால் புது மொழியே செய்ய வேண்டும். அப்படிச் செய்ததுதான் முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில். பைத்தானிலேயே எழுதப்பட்ட தமிழ் நிரல்மொழி அது. அதில் ஆனால், இல்லை, வரை, முடி, தொடர், நிறுத்து, பின்கொடு எல்லாம் கீவேர்டுகள். ஆகவே எழிலில் சலூன் கடைக்குப் பில் போடும் நிரல் எழுதினால் முடி என்று வேரியபிள் வைக்க முடியாது. கிரிக்கெட் தொடருக்குத் தொடர் என்று பெயர் வைக்கவும் முடியாது. கீவேர்டு எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழிப் பேச்சுச் சொற்கள்தான் மாட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் யோசிப்பவருக்குக் கிளாஸும் பாஸும் போல நமக்கு எழிலில் முடியும் தொடரும்.

எழுத்து விதிகள்

இவை சின்னவை. பெயர் எழுத்தில் அல்லது அடிக்கோட்டில் தொடங்க வேண்டும். அதன் பிறகு எழுத்து, எண், அடிக்கோடு எது வேண்டுமானாலும் வரலாம். வேறு எதுவும் வரக்கூடாது. மீறினால் வரும் எரர்களைத் தெரிந்துகொள்வதுதான் விதியைவிடப் பயன்.

    2ஆம்_மாதம் = 8000

"இன்வேலிட் டெசிமல் லிட்டரல்" என்று வரும். 2-ஐப் பார்த்ததும் எண் வருகிறது என்று பைத்தான் படிக்கத் தொடங்கிவிட்டது, நடுவில் எழுத்து வந்ததும் குழம்பிவிட்டது. மாதம்_2 என்று திருப்பிப் போடுங்கள்.

    வீட்டு-வாடகை = 8000

இதற்கு "எக்ஸ்பிரஷனுக்கு மதிப்புக் கொடுக்க முடியாது, இரட்டைச் சமக்குறி போட நினைத்தீர்களா" என்ற பொருளில் ஒரு நீளமான செய்தி வரும். அந்த ஆலோசனையைக் கேட்காதீர்கள். நடுவில் இருக்கும் கோட்டைக் கழித்தல் குறி என்று எடுத்துக்கொண்டு, வீட்டு என்பதிலிருந்து வாடகையைக் கழிக்கப் பார்க்கிறது. அடிக்கோடு போட்டால் சரியாகிவிடும்.

இடைவெளி விட்டு வீட்டு வாடகை = 8000 என்றால் மறுபடி அந்த மொட்டையான "இன்வேலிட் சின்டாக்ஸ்".

கீவேர்டு முழுச் சொல்லாக வந்தால்தான் தடை. கிளாஸ்ரூம், பாஸ்வேர்ட், ஃபார்முலா எல்லாம் தாராளமாக வைக்கலாம். உள்ளே கீவேர்டு ஒளிந்திருப்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. அதனால் முதல் எழுத்தைப் பெரிதாக்கிய கிளாஸ், கீவேர்டு இல்லை, விதிப்படி செல்லும். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். நாளைக்கு அதைப் படிப்பவர் திட்டுவார், அது நீங்களாகவே இருக்கலாம்.

ஒரு பெயர் செல்லுமா என்று ஓட்டாமலே கேட்க, எந்தச் சரத்தின்மேலும் (மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்துத் தொடர்) இஸ்ஐடென்டிஃபையர் என்ற மெத்தடைக் கூப்பிடலாம். "மாதம்_2" என்றால் ட்ரூ, "2மாதம்" என்றால் ஃபால்ஸ். ஆனால் "கிளாஸ்" என்று ஆங்கிலத்தில் கொடுத்தாலும் ட்ரூ என்றுதான் சொல்லும், ஏனென்றால் அது எழுத்து விதியை மட்டும்தான் பார்க்கிறது. கீவேர்டா என்று தெரிய, முன்னே சொன்ன மாட்யூலில் இருக்கும் இஸ்கீவேர்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

தமிழில் பெயர் வைத்தால்

ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் பெயர் வைக்கும் வசதி 2008-இல் வந்த பைத்தான் 3.0 முதல் இருக்கிறது. கற்கும்போது இது பெரிய உதவி. தமிழில் இருப்பதெல்லாம் நீங்கள் வைத்த பெயர், ஆங்கிலத்தில் இருப்பதெல்லாம் பைத்தானுடையது என்று ஒரே பார்வையில் பிரித்துவிடலாம். கீவேர்டோடு மோதவே மோதாது.

மோதாதுதான், ஆனால் வேறு வில்லங்கம் உண்டு. தமிழ் என்ற சொல்லுக்கு நீளம் 5 என்று வந்தது நினைவிருக்கிறதா? யுனிகோடில் (எழுத்துகளைக் கணினி சேமிக்கும் பொது முறை) மி என்பது ம ஒன்று, இகரக் குறி ஒன்று. ழ் என்பது ழ ஒன்று, புள்ளி ஒன்று. த-வோடு சேர்த்தால் ஐந்து குறிகள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது உள்ளே வேறு வேறாக இருக்கலாம் என்பதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு ஔவையார்:

    ஔவை = "ஆத்திசூடி"
    அச்சிடு(ஒளவை)

நேம் எரர் வரும், அந்தப் பெயரே இல்லை என்று. முதல் வரியில் இருப்பது ஔ என்ற ஓர் எழுத்து. இரண்டாவது வரியில் இருப்பது ஒ அடித்து, பக்கத்தில் ள அடித்தது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பௌர்ணமி, பெளர்ணமி என்பதிலும் இதே கதை. சந்தேகம் வந்தால் இரண்டையும் மேற்கோளுக்குள் போட்டு நீளம் கேளுங்கள்: முதல் ஔவைக்கு 3, இரண்டாவதற்கு 4. ஸ்ரீ-க்கும் இரண்டு விதமான அடிப்புகள் புழங்குகின்றன, ஸ போட்டு ஒன்று, ஶ போட்டு ஒன்று. அதைப் பெயருக்குள் வைக்காமல் இருப்பதே நிம்மதி.

எல்லாவற்றிலும் பைத்தான் இப்படிக் கைவிடுவதில்லை. கொ என்பதைச் சில கீபோர்டுகள் ஒரே துணைக்குறியாக அனுப்பும். சில, கொம்பையும் காலையும் தனித்தனியாக அனுப்பும். வேரியபிள் பெயராக இருந்தால் பைத்தான் இரண்டையும் உள்ளே ஒன்றாக்கிவிடும். மேற்கோளுக்குள் இருக்கும் சரத்தில் அந்த உதவி கிடையாது. டிக்‌ஷனரி கீயாக (மதிப்பைத் தேடி எடுக்க வைக்கும் பெயர்) "கொடி" என்று ஒரு கீபோர்டில் அடித்துவிட்டு, வேறொரு கணினியில் உட்கார்ந்து அதைத் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

இணையத்திலிருந்து தமிழ்ச் சொல்லைக் காப்பி செய்து ஒட்டினால் கண்ணுக்கே தெரியாத ஒரு குறி கூட வரும் வாய்ப்பு உண்டு. யூ+200சி என்ற யுனிகோடு எண் கொண்ட குறி அதில் அடிக்கடி வருவது. எரர் செய்தியில் "நான்-பிரிண்டபிள் கேரக்டர்" என்று பார்த்தால் வேறெதையும் ஆராயாமல் அந்தப் பெயரை அழித்துவிட்டுக் கையால் அடியுங்கள்.

தமிழ் எண்களைப் பற்றி ஒரு சின்ன வேடிக்கை. இன்ட்("௧௨") என்று கேட்டால் பைத்தான் 12 என்று சரியாகச் சொல்லும். ஆனால் வயது = ௧௨ என்று கோடில் எழுதினால் ஏற்காது. பெயரின் நடுவிலோ கடைசியிலோ ௧ வரலாம், தொடக்கத்தில் வரக்கூடாது. சாதாரண எண்ணுக்கு உள்ள விதியேதான். க-வும் ௧-உம் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்த்துவிட்டு, வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

குழுவோடு வேலை செய்யும் இடத்திலும், வெளியே பகிரும் கோடிலும் ஆங்கிலப் பெயரே வையுங்கள். பைத்தானின் நடை விதிகளான பெப் 8-உம் அதனோடு வரும் ஸ்டாண்டர்டு லைப்ரரிக்கு (தயார்க் கோடுத் தொகுப்பு) அதைத்தான் சொல்கிறது.

ஆசைப்படும் சொல் கீவேர்டாக இருந்தால்

எந்தத் துறையில் நிரல் எழுதினாலும் ஒன்றிரண்டு சொற்கள் வம்புக்கு வரும். பள்ளி நிரலில் கிளாஸ், பாஸ். பயணத்தில் ஃப்ரம், ரிட்டர்ன். விவசாயக் கணக்கில் விளைச்சலுக்கு யீல்ட். இயற்பியலிலும் மெஷின் லேர்னிங்கிலும் லாம்டா.

வழக்கமான தீர்வு கடைசியில் ஓர் அடிக்கோடு: கிளாஸ்_, ஃப்ரம்_, லாம்டா_. இது பெப் 8 சொல்லும் வழி. எனக்கு இது இரண்டாவது விருப்பம்தான். கிராப்_யீல்ட், ஸ்டார்ட்_பிளேஸ் என்று கொஞ்சம் விளக்கமாக வைத்தால் மோதலும் போகும், அர்த்தமும் தெளியும். வேறு லைப்ரரி எதிர்பார்க்கும் பெயரோடு பொருந்த வேண்டிய இடத்தில் மட்டும் அடிக்கோடு. எழுத்தை மாற்றி கே போட்டுக் கிளாஸ் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். படிக்கும்போது எழுத்துப்பிழை என்றே தோன்றும்.

மேற்கோளுக்குள் எதுவும் கீவேர்டு இல்லை என்பதை மறக்காதீர்கள். மாணவர்["கிளாஸ்"] என்பது சரி, மாணவர்.கிளாஸ் என்பது சின்டாக்ஸ் எரர். அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் லைப்ரரியில் எக்செல் ஃபைலைத் திறக்கும்போது இது அடிக்கடி வரும்: கிளாஸ் என்று ஒரு காலம் (நெடுவரிசை) இருந்தால் புள்ளி வைத்து எடுக்க முடியாது, சதுர அடைப்புக்குள் மேற்கோளோடுதான் எடுக்க வேண்டும்.

பைத்தான் மறுக்காத பெயர்கள்

இனிமேல்தான் உண்மையான தலைவலி. மூன்று மதிப்பெண்களைக் கூட்டுகிறீர்கள்:

    மதிப்பெண்கள் = [72, 85, 64]
    சம் = 0
    ஃபார் ஒன்று இன் மதிப்பெண்கள்:
        சம் = சம் + ஒன்று

சம் என்பதை ஆங்கிலத்தில் அடித்திருக்கிறீர்கள். அது கீவேர்டு இல்லை, பைத்தானோடு வரும் ஒரு ஃபங்க்ஷனின் பெயர். அதனால் பைத்தான் வாயே திறக்காது. 221 என்று சரியாகக் கூட்டும். அப்புறம் அரை மணி நேரம் கழித்து, அதே ஃபைலில் கீழே, வேறொரு பட்டியலைக் கூட்ட சம்(கட்டணங்கள்) என்று எழுதுவீர்கள். "டைப் எரர்: 'இன்ட்' ஆப்ஜெக்ட் இஸ் நாட் காலபிள்" என்று வரும். சம் இப்போது ஃபங்க்ஷன் இல்லை, 221 என்ற எண். எண்ணைக் கூப்பிட முடியாது. எரர் சுட்டிக்காட்டும் வரியில் தவறே இல்லை. தவறு மேலே, எப்போதோ எழுதி மறந்த வரியில்.

"நாட் காலபிள்" என்ற செய்தியைப் பார்த்ததும் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அடைப்புக்குறிக்கு முன்னால் இருக்கும் பெயரை எடுத்து, ஃபைல் முழுக்கத் தேடுங்கள். அதன் வலப்பக்கம் எங்கேயாவது சமக்குறி இருக்கும். லிஸ்ட், எஸ்டிஆர், சம், மேக்ஸ், மின், இன்புட், ஐடி, டைப், டிக்ட், ஃபில்டர், நெக்ஸ்ட் எல்லாம் இந்த வகை. ஐடி ஒன்றை மட்டும் நான் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அந்த ஃபங்க்ஷனைக் கூப்பிடும் தேவை அவ்வளவு அரிது. லிஸ்ட்டை வேரியபிளாக வைத்தால் கட்டாயம் ஒருநாள் கடிக்கும்.

கோடைச் செல் செல்லாகப் பிரித்து ஓட்டும் நோட்புக்குகளான கோலாபிலோ ஜூபிட்டரிலோ வேலை செய்தால் இது இன்னும் மோசம். தவறைக் கண்டுபிடித்து, செல்லில் பெயரை மாற்றி, திரும்ப ஓட்டினாலும் அதே எரர் வரும். ஏனென்றால் முன்பு ஓடியபோது வைத்த பழைய சம் இன்னும் நினைவில் உட்கார்ந்திருக்கிறது. டெல் சம் என்று ஒரு வரி ஓட்டுங்கள். நீங்கள் ஒட்டிய பெயர் போய், பைத்தானுடைய பழைய ஃபங்க்ஷன் திரும்பத் தெரியும். இல்லாவிட்டால் ரன்டைமை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஃபைல் பெயரிலும் இதே பொறி இருக்கிறது. ரேண்டம் எண் பழகுவதற்காக எழுதிய ஃபைலுக்கு ரேண்டம்.பிஒய் என்று பெயர் வைத்தால், உள்ளே இம்போர்ட் ரேண்டம் என்று எழுதும்போது பைத்தான் தன்னுடைய மாட்யூலை விட்டுவிட்டு உங்கள் ஃபைலையே எடுத்துக்கொள்ளும். அதில் ரேண்டின்ட் இல்லையே என்று எரர் வரும். டர்ட்டில், ஈமெயில், கேலண்டர் என்று பாடத்தின் பெயரையே ஃபைலுக்கு வைக்கும் பழக்கத்தால் வருவது இது. 2024-இல் வந்த 3.13 பதிப்பு, உன் ஃபைல் பெயர் ஸ்டாண்டர்டு லைப்ரரியோடு ஒத்திருக்கிறது, மாற்றிப் பார் என்று எரரிலேயே சொல்கிறது. பழைய பதிப்புகள் சொல்லாது. ஃபைல் பெயரில் கழித்தல் குறி இருந்தால் ஓடும், ஆனால் இன்னொரு ஃபைலிலிருந்து இம்போர்ட் செய்ய முடியாது. அங்கேயும் அடிக்கோடே பாதுகாப்பு.

விதி தடுக்காவிட்டாலும் தவிர்க்க வேண்டிய மூன்று ஒற்றை எழுத்துகள் உண்டு: சின்ன எல், பெரிய ஓ, பெரிய ஐ. ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பும். அடிக்கோடுகளைப் பொறுத்தவரை, இரண்டு பக்கமும் இரட்டை அடிக்கோடு கொண்ட பெயர்கள் பைத்தானுடைய சொந்தப் பயன்பாட்டுக்கு. நீங்களாக அப்படிப் புதுப் பெயர் உருவாக்க வேண்டாம்.

வேரியபிளுக்கும் ஃபங்க்ஷனுக்கும் சின்ன எழுத்தும் அடிக்கோடும், கிளாஸுக்கு ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரிதாக, மாறாத மதிப்புக்கு எல்லாமே பெரிய எழுத்து: இதுதான் பைத்தான்காரர்களின் வழக்கம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லாததால் தமிழ்ப் பெயரில் இந்தக் குறிப்பைக் கொடுக்க முடியாது. மாறாதவற்றுக்கு மாறிலி_ என்று முன்னால் சேர்ப்பது ஒரு வழி.

பட்டியல் நிலையானது இல்லை

பைத்தான் 2-இல் பிரிண்ட் ஒரு கீவேர்டு. 3.0-இல் அது சாதாரண ஃபங்க்ஷன் ஆனது. அதனால்தான் மேலே அதற்கு அச்சிடு என்று பெயர் வைக்க முடிந்தது. எதிர்த்திசையிலும் நடக்கும். அஸின்க், அவெயிட் இரண்டும் 2018-இல் வந்த 3.7-இல் முழுக் கீவேர்டு ஆயின. அதுவரை அஸின்க் என்பதை ஃபங்க்ஷனின் ஆர்க்யுமென்ட் பெயராகவோ ஃபைல் பெயராகவோ வைத்திருந்த லைப்ரரிகள் அந்தப் பதிப்பில் உடைந்தன. பெயர் மாற்றிப் புதுப் பதிப்பு விட வேண்டியிருந்தது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு வந்த மேட்ச், கேஸ் இரண்டையும் 2021-இல் 3.10 பதிப்பில் வேறு விதமாகச் சேர்த்தார்கள். இடத்தைப் பொறுத்துத்தான் அவை கீவேர்டு, மற்ற இடங்களில் சாதாரணப் பெயர். மேட்ச் என்பது ஏற்கெனவே ரெகுலர் எக்ஸ்பிரஷன் மாட்யூலில் எல்லோரும் பயன்படுத்தும் ஃபங்க்ஷனின் பெயர். முழுக் கீவேர்டு ஆக்கியிருந்தால் உலகத்தில் உள்ள ஏகப்பட்ட கோடு நின்றிருக்கும். இவற்றை சாஃப்ட் கீவேர்டு என்பார்கள். 3.12-இல் டைப்பும் இதில் சேர்ந்தது. இவை அந்த 35-இல் வராது.

கல்லூரியில் சி மொழி படித்தவர்களுக்கு 32 கீவேர்டு என்ற விடை நாக்கிலேயே இருக்கும். அது 1989 தரத்தின் கணக்கு. அதற்குப் பிறகு சியும் வளர்ந்துவிட்டது. 1999-இல் உண்மை, பொய் சொல்லும் பூலியன் வகையைச் சேர்க்கும்போது நேராக பூல் என்று வைத்தால் பலருடைய பழைய கோடு உடையும் என்று, முன்னால் அடிக்கோடும் பெரிய எழுத்தும் போட்டு ஒரு விநோதப் பெயர் வைத்தார்கள். பூல், ட்ரூ, ஃபால்ஸ் நேரடியாகக் கீவேர்டு ஆனது சி23 தரத்தில்தான்.

டேட்டாபேஸ் பக்கம் போனால் இன்னும் எச்சரிக்கை தேவை. டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் ஒதுக்கப்பட்ட சொற்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அவற்றில் பல அன்றாடச் சொற்கள். ஆர்டர், குரூப் என்று டேபிளுக்குப் பெயர் வைக்கத் தோன்றும். விவரம் என்ற பொருளில் டெஸ்க் என்று சுருக்கிக் காலம் வைக்கத் தோன்றும். மூன்றுமே மாட்டும். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸின் 8.0-இல் ரேங்க் புதிதாக ஒதுக்கப்பட்ட சொல் ஆனது. 5.7-இல் நன்றாக ஓடிய மதிப்பெண் டேபிளில் ரேங்க் என்று ஒரு காலம் இருந்தால், மேம்படுத்திய பிறகு கேள்விகள் எரர் கொடுக்கும். மைஎஸ்க்யூஎல்லில் பேக்டிக் (`) குறிக்குள்ளும், போஸ்ட்கிரஸில் இரட்டை மேற்கோளுக்குள்ளும் போட்டால் ஏற்கும். ஆனால் ஒவ்வொரு கேள்வியிலும் மறக்காமல் போட வேண்டும், அது நடக்காது. ஆர்டர்ஸ், ஸ்டூடன்ட்_ரேங்க் என்று முதலிலேயே மாற்றி வைத்துவிடுங்கள்.

வேறு மொழிக்குப் போகும்போது

ஜாவாஸ்கிரிப்டில் கிளாஸ், ஃபார் இரண்டும் ஒதுக்கப்பட்டவை. அதனால்தான் ரியாக்ட்டில் எச்டிஎம்எல்லின் அதே பண்புகளை கிளாஸ்நேம், எச்டிஎம்எல்ஃபார் என்று எழுத வேண்டியிருக்கிறது. சி ஷார்ப்பில் பெயருக்கு முன் @ போட்டால் கீவேர்டையும் பெயராக வைக்கலாம். கோட்லினிலும் ஸ்விஃப்ட்டிலும் பேக்டிக். பிஎச்பியில் எல்லா வேரியபிளும் டாலர் குறியோடு தொடங்குவதால் இந்தப் பிரச்சினையே வேரியபிளுக்கு எழுவதில்லை.

தமிழ்ப் பெயர் வைத்துப் பழகியவர்கள் கோ மொழிக்குப் போனால் ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. அதன் விதிப்படி பெயரில் எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான் வரலாம். தமிழின் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் யுனிகோடில் எழுத்து என்ற வகையில் வராமல் துணைக்குறி என்ற வகையில் வருகின்றன. ஆகவே நட, பட மாதிரி அகரம் ஏறிய மெய்கள் மட்டும் கொண்ட சொல் செல்லும், கடல் செல்லாது, தமிழ் செல்லாது. போதாக்குறைக்கு, கோ மொழியில் ஒரு பெயரை வேறு பேக்கேஜிலிருந்து பயன்படுத்த வேண்டுமானால் அது பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். தமிழில் அப்படி ஒன்றே இல்லை. பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் இந்தத் தொல்லை கிடையாது.

தவறான பெயர் வைத்தாயிற்று, எப்படி மாற்றுவது

ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போடாதீர்கள். சம் என்பதை மொத்தமாக மாற்றினால் சம்மரி என்பதற்குள் இருக்கும் சம்மும் மாறிவிடும். விஎஸ் கோடில் பெயரின்மேல் கர்சரை வைத்து எஃப்2, பைசார்மில் ஷிஃப்ட்டோடு எஃப்6. இது அந்த வேரியபிளை மட்டும், அது வரும் எல்லா இடத்திலும் மாற்றும். சம்மரி தப்பிக்கும்.

மேற்கோளுக்குள் இருப்பதை இது தொடாது. சிஎஸ்வி ஃபைலின் தலைப்பு, எஸ்க்யூஎல் கேள்வி, டிக்‌ஷனரி கீ ஆகியவற்றில் அதே சொல் இருந்தால் பழையபடியே இருக்கும். பெரும்பாலும் அதுதான் சரியும்கூட, ஏனென்றால் டேபிளில் காலத்தின் பெயர் இன்னும் மாறவில்லை. அங்கேயும் மாற்ற வேண்டுமா என்று பார்க்க, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தி முழு ப்ராஜெக்ட்டிலும் தேடி, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து மாற்றுங்கள். மாற்றிய பிறகு நோட்புக்காக இருந்தால் ரன்டைமை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, மேலிருந்து எல்லா செல்லையும் ஓட்டிப் பாருங்கள்.